மரத்தின் மறுமுனையை யார் பிடித்தது?

தூக்கம் வராத ராத்திரிகளில் நான் மரவீடு கட்டுகிற படங்களைப் பார்ப்பேன். கனடாவிலோ நார்வேயிலோ ஒரு காடு. தாடி வைத்த ஒரு ஆள், ஒரு நாய், ஒரு கோடாலி. மரத்தைச் சாய்க்கிறார், பட்டையை உரிக்கிறார், முனைகளில் பள்ளம் செதுக்கி ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார வைக்கிறார். நாற்பது நிமிஷத்தில் கூரை ஏறிவிடும். கடைசிக் காட்சியில் வெளியே பனி கொட்டும், உள்ளே அடுப்பு எரியும், நாய் தூங்கும். நானும் தூங்கிவிடுவேன். திருவொற்றியூரில், மே மாதப் புழுக்கத்தில், துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கிற கண்டெய்னர் லாரிகளின் ஹாரன் சத்தத்துக்கு நடுவே, பனிக்காட்டுக் குடிசையைப் பார்த்துக்கொண்டே தூங்குவது வேடிக்கைதான். ஆனால் இந்த வேடிக்கை எனக்கு மட்டும் உரியதல்ல. இந்தப் படங்களை உலகம் பூராவும் லட்சக்கணக்கில் பார்க்கிறார்கள்.

ஒருநாள் சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து போனில் இப்படி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து எட்டிப் பார்த்தார். காசிமேட்டில் நாற்பது வருஷத்துக்கு மேல் தொழில் செய்தவர். முதலில் கட்டுமரம், அப்புறம் ஃபைபர். இப்போது கடலுக்குப் போவதில்லை.

"இவுரு ஒண்டியாவா கட்றாரு?"

"ஆமா பெரியப்பா, ஒரே ஆள்தான்."

திரையில் அந்த ஆள் இருபது அடி மரத்தின் ஒரு முனையைத் தூக்கிச் சுவர்மேல் வைத்தார். அடுத்த காட்சியில் மரம் முழுசாகச் சுவர்மேல் இருந்தது.

"அப்ப அந்தாண்ட முனைய யாரு புடிச்சா?"

என்னிடம் பதில் இல்லை. அவர் எழுந்து போய்விட்டார். கேள்வி போகவில்லை. அதற்கப்புறம் இந்த வகைப் படங்களையும், அவற்றுக்கு மூதாதையான சில புத்தகங்களையும் அந்தக் கேள்வியோடு திரும்பப் பார்த்தேன், படித்தேன். அதில் சேர்ந்த குறிப்புகள்தான் இது.

அடுக்குதல்

முதலில் இந்தக் கட்டுமானத்துக்கு ஒரு மரியாதை. உருளை மரத்தை அடுக்கிச் சுவர் எழுப்புவது பார்க்க எளிது. செய்ய எளிதல்ல. எந்த மரமும் நேர் உருளையாக வளர்வதில்லை. அடி பெருத்தும் நுனி சிறுத்தும் இருக்கும். அதனால் ஒரு வரிசையில் அடிப்பக்கம் இந்த மூலையில் வந்தால், அடுத்த வரிசையில் அதே மூலைக்கு நுனிப்பக்கம் வரவேண்டும். இல்லையென்றால் சுவர் ஒரு பக்கமாக ஏறிக்கொண்டே போகும். மூலையில் செதுக்குகிற பள்ளம் மேல் மரத்தின் அடியில்தான் இருக்கவேண்டும். கீழ் மரத்தின் முதுகில் செதுக்கினால் மழைத்தண்ணீர் அதில் தேங்கி மரம் உளுத்துப்போகும். இரண்டு மரத்துக்கு நடுவே உள்ள இடுக்கைப் பாசியாலோ களிமண்ணாலோ கம்பளி நாராலோ அடைக்கிறார்கள்.

ஆணி அதிகம் வேண்டாம். எடையும் பள்ளமும் சேர்ந்து சுவரை நிறுத்தும். பைன், ஸ்ப்ரூஸ் மாதிரி நெட்டையாக நேராக வளரும் ஊசியிலை மரம் பக்கத்திலேயே காடாக இருக்கிற குளிர்நாடுகளில் இந்த முறை வளர்ந்தது அதனால்தான். ஸ்வீடன், ஃபின்லாந்து ஆட்கள் 17ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்குப் போனபோது இதையும் கூடவே கொண்டுபோனார்கள்.

படங்கள் காட்டாத ஒரு விஷயம் உண்டு. பச்சை மரம் காயும்போது குறுக்களவில் சுருங்கும். பத்துப் பன்னிரண்டு மரம் அடுக்கிய சுவர் வருஷங்கள் போகப் போகச் சில அங்குலம் கீழே இறங்கும். கதவு நிலைக்கும் ஜன்னலுக்கும் மேலே இடைவெளி விட்டுக் கட்டியிருக்கவேண்டும். விடவில்லை என்றால் சுவர் இறங்கி ஜன்னல்மேல் உட்கார்ந்து கண்ணாடியை உடைத்துவிடும். அதாவது இந்த வீடு கட்டி முடித்த பிறகும் வேலை செய்துகொண்டே இருக்கிற வீடு. படமோ கூரை ஏறின அன்றைக்கே முடிந்துவிடுகிறது. கல்யாணத்தோடு முடிகிற சினிமா மாதிரி.

இதை நான் ஒரு குறையாகவே சொல்கிறேன். கட்டுமானத்தைப் பின்தொடர்வது என்றால் வீடு இறங்குவதையும் பின்தொடரவேண்டும். அடுத்த மழைக்கு எங்கே ஒழுகியது, எந்த மூலை உளுத்தது, எத்தனை முறை இடுக்கைத் திரும்ப அடைத்தார்கள் என்பது வீட்டின் பாதிக் கதை. அது இல்லாத படம், கடை ஜன்னலில் வைத்த பொம்மை வீடுதான்.

பேசாத படங்கள்

2015இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் ஜான் பிளான்ட் என்பவர் 'பிரிமிட்டிவ் டெக்னாலஜி' என்ற சேனலைத் தொடங்கினார். பேச்சே கிடையாது. கல்லைத் தேய்த்துக் கோடாலி செய்வார், மண்ணைக் குழைத்துச் சுவர் வைப்பார், ஓடு சுட்டுக் கூரை போடுவார். அவர் பேசாவிட்டாலும் எழுத்தில் விளக்கம் கொடுத்தார். சப்டைட்டிலை ஆன் செய்தால் என்ன செய்கிறார், ஏன் செய்கிறார் என்று தெரியும். தோற்றுப்போன முயற்சிகளையும் போட்டார்.

அவரைப் பார்த்துப் பின்னால் வந்தவர்கள் மௌனத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். காட்டுக்குள் வெறுங்கையால் நீச்சல்குளமும் பாதாள மாளிகையும் தோண்டுகிற வீடியோக்கள் வந்தன. அவற்றில் பலவற்றுக்குப் பின்னால் ஜேசிபி மாதிரி இயந்திரங்களும் ஆட்களும் இருந்தது பிறகு வெளியே வந்தது. படம் எடுத்து முடிந்ததும் அந்தக் குளங்கள் கொசு வளர்க்கக் கைவிடப்பட்டன. பேசாமல் இருப்பது ஒருவரிடம் அடக்கமாகவும் இன்னொருவரிடம் மறைப்பாகவும் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

மரவீட்டுப் படங்களில் மறைப்பு இவ்வளவு மோசமில்லை. செயின்சா சத்தம் பாதியில் வெட்டப்படும், கோடாலிச் சத்தம் முழுசாக வரும். பலகை எந்த மில்லில் அறுத்தது, கண்ணாடி எந்தக் கடையில் வாங்கியது, நிலம் யார் பேரில் பட்டா என்பதெல்லாம் வராது. வீடு கட்டின எவரையும் கேட்டுப் பாருங்கள். நம்ம ஊரில் வீடு கட்டுவது என்றாலே முதல் அத்தியாயம் பத்திரம்தான். செங்கல் நாலாவது அத்தியாயத்தில்தான் வரும். இந்தப் படங்களில் முதல் மூன்று அத்தியாயம் கிழிக்கப்பட்டிருக்கிறது.

இரட்டை ஏரிக்கரை

இந்த வகைக்கெல்லாம் தலைமகன் என்று ரிச்சர்ட் ப்ரோனிக்கியைச் சொல்லவேண்டும். 1916இல் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கக் கடற்படையில் தச்சர். பிறகு டீசல் மெக்கானிக். 1968இல், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, அலாஸ்காவில் ட்வின் லேக்ஸ் என்கிற இரட்டை ஏரிக்கரையில் தனக்கு ஒரு மரவீடு கட்டிக்கொண்டார். 16 எம்.எம். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தித் தன்னைத் தானே படம் பிடித்தார். அவருடைய நாட்குறிப்பை வைத்து நண்பர் சாம் கீத் எழுதிய புத்தகம் 1973இல் வந்தது. அந்தப் படச்சுருள்களைத் தொகுத்து 'அலோன் இன் தி வில்டர்னஸ்' என்ற படம் 2004இல் வந்தது. அதற்கு முந்தின வருஷம் அவர் இறந்துவிட்டார்.

கருவிகளின் இரும்புப் பாகத்தை மட்டும் எடுத்துக்கொண்டுபோய், கைப்பிடிகளை அங்கேயே செதுக்கிக்கொண்டார். கதவுக்குக் கீலையும் மரத்திலேயே செய்தார். தகர டப்பாக்களை வெட்டிப் பாத்திரமாக்கினார். அந்தக் கீல் செய்கிற காட்சியை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. கை தெரிந்த மனிதர்.

மறுமுனைக் கேள்விக்கு இவர் பதில் சொல்கிறார் என்பதுதான் முக்கியம். மரங்களை முந்தின வருஷமே வெட்டிப் பட்டை உரித்துக் காயவைத்திருந்தார். கட்டும்வரை தங்கியது பக்கத்தில் இருந்த ஒரு நண்பரின் குடிசையில். சாமான்களும் கடிதமும் விமானத்தில் வந்தன. ஓட்டிவந்தவர் பேப் ஆல்ஸ்வொர்த். கூரையில் பாசிக்குக் கீழே தார்க்காகிதமும் பிளாஸ்டிக் தாளும் இருந்தன. இதையெல்லாம் புத்தகமும் படமும் மறைக்கவில்லை. நண்பர் வீடு, விமானம், பிளாஸ்டிக் மூன்றும் கணக்கில் வருகின்றன. அதனால்தான் அவர் தனியாகச் செய்தது எது என்பதும் நமக்குச் சரியாகத் தெரிகிறது. உதவியை மறைத்திருந்தால் உழைப்பையும் நம்பியிருக்க மாட்டோம். பின்னால் வந்தவர்கள் அவரிடமிருந்து தனிமையை எடுத்துக்கொண்டார்கள். கணக்கை விட்டுவிட்டார்கள்.

ரயில்வே கூலியின் பலகை

கணக்கு என்றால் தோரோவிடம்தான் போகவேண்டும். 'வால்டன்' 1854இல் வந்த புத்தகம். தோரோ கட்டியது உருளை மரம் அடுக்கிய வீடல்ல. செதுக்கிய மரச்சட்டத்தில் பலகை அடித்த சின்ன வீடு. பத்துக்குப் பதினைந்து அடி. இருந்தாலும் ஊரைவிட்டு ஒதுங்கி ஒரு வீடு கட்டிக்கொள்ளும் ஆசைக்கு உலகம் இன்றைக்கும் அவரைத்தான் காட்டுகிறது.

1845 மார்ச் கடைசியில் வேலை தொடங்கினார். ஜூலை 4 அன்று குடியேறினார். நிலம் எமர்சனுடையது. கோடாலி இரவல். சட்டத்தைத் தூக்கி நிறுத்தத் தெரிந்தவர்கள் வந்தார்கள். மொத்தச் செலவு 28 டாலர் பன்னிரண்டரை சென்ட் என்று ஆணி, சுண்ணாம்பு வரை பட்டியல் போட்டு அச்சிட்டிருக்கிறார். இந்தப் பட்டியலைப் பலர் கிண்டல் செய்திருக்கிறார்கள். எனக்கு அந்தப் புத்தகத்திலேயே பிடித்த பக்கம் அதுதான்.

ஆனால் என்னைத் தூங்கவிடாத பக்கம் வேறு. பலகை எங்கிருந்து வந்தது? ஃபிட்ச்பர்க் ரயில்பாதையில் வேலை செய்த ஜேம்ஸ் காலின்ஸ் என்ற ஐரிஷ் தொழிலாளியின் குடிசையிலிருந்து. விலை நாலேகால் டாலர். மறுநாள் விடியற்காலை குடும்பம் வெளியேறவேண்டும் என்று பேச்சு. காலையில் ஆறு மணிக்கு அவர்கள் எதிரே வருகிறார்கள். மொத்தச் சொத்தும் ஒரு மூட்டையில். பூனை மட்டும் கூடப் போகவில்லை, காட்டுக்குள் ஓடிவிட்டது. தோரோ அன்றைக்கே குடிசையைப் பிரித்து, பலகைகளை வண்டியில் கொண்டுபோய் ஏரிக்கரையில் வெயிலில் காயப்போடுகிறார்.

ரயில் போட வந்தவனுக்கு வேலை முடிந்தது. அவன் வீடு பிரிந்தது. அந்தப் பலகையில் எளிய வாழ்க்கைக்கு ஒரு வீடு எழும்பியது. இதைத் தோரோவே எழுதியிருக்கிறார் என்பது அவருடைய நேர்மை. எழுதிவிட்டு, ஒரு பத்தியில் கடந்து போய்விடுகிறார் என்பது அவருடைய குறை. காலின்ஸ் குடும்பம் எங்கே போனது என்ற கேள்வி அவருக்கு வரவில்லை. அந்தக் குடும்பத்தின் அழுக்கையும் இருட்டையும் கவனித்த கண், மூட்டையின் எடையைக் கவனிக்கவில்லை.

பலகைகளின் கதை அதோடு முடியவும் இல்லை. தோரோ இரண்டு வருஷம் சொச்சம் இருந்துவிட்டு 1847 செப்டம்பரில் கிளம்பினார். வீடு கைமாறி, பெயர்த்து வேறிடம் கொண்டுபோகப்பட்டு, தானியம் வைக்கிற இடமாக இருந்து, 1868இல் பிரிக்கப்பட்டது. மரத்துக்கு எப்போதும் ஒரு முந்தின வீடும் அடுத்த வீடும் உண்டு. நம்ம ஊரிலும் இது பழக்கமான விஷயம்தான். செட்டிநாட்டு வீடுகள் பிரிக்கப்பட்டு, அவற்றின் பர்மா தேக்குத் தூண்களும் கதவுகளும் காரைக்குடிக் கடைகள் வழியாக ஈ.சி.ஆர். ஓரத்து ஓய்வு வீடுகளுக்கு வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தேக்கு பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. அந்தப் பர்மாவிலிருந்து மூட்டையோடு திரும்பி வந்த தமிழர்கள் வியாசர்பாடியில் குடியேறினார்கள். மரம் ஒரு வழியில் வந்தது, ஜனம் ஒரு வழியில் வந்தது.

இன்னொரு சின்னக் குறிப்பு. வால்டன் ஏரியில் 1846-47 குளிர்காலத்தில் ஒரு கம்பெனி ஐரிஷ் கூலியாட்களைக் கொண்டுவந்து பனிக்கட்டி வெட்டியது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த தோரோ, மதராஸ், பம்பாய், கல்கத்தாக்காரர்கள் தன் கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பதாகக் கற்பனை செய்து மகிழ்ந்து எழுதுகிறார். அந்த முறை வெட்டிய குவியலில் பெரும்பகுதி அங்கேயே கிடந்து 1848 வாக்கில் உருகித் தீர்ந்தது என்றும் அவரே சொல்கிறார். ஆனால் நியூ இங்கிலாந்து ஏரிகளின் பனிக்கட்டி மதராஸுக்கு வந்தது நிஜம். பிரெடெரிக் டியூடரின் கம்பெனி அதற்காக 1842இல் கட்டிய ஐஸ் ஹவுஸ் இன்றும் விவேகானந்தர் இல்லமாகக் கடற்கரையில் நிற்கிறது. அப்போது மதராஸில் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும். சரக்கு மசூலாப் படகில் அலையைத் தாண்டி வரும். ஆக, அமெரிக்க ஏரியிலிருந்து வந்த எந்தக் குளிர்ச்சியும் நம்ம கரைக்குப் படகோட்டிகளின் முதுகு வழியாகத்தான் இறங்கியிருக்கிறது. தோரோவின் கற்பனையில் ஏரி இருக்கிறது, குடிக்கிறவர் இருக்கிறார். நடுவில் படகோட்டி இல்லை. மறுபடி மறுமுனை.

கட்டிய மரம்

பெரியவர் ஏன் அந்தக் கேள்வியைக் கேட்டார் என்பதற்கு வருகிறேன். அவர் வாழ்நாளில் பாதியை உருளை மரத்தோடு கழித்தவர். கட்டுமரம் என்ற சொல்லிலேயே வேலை இருக்கிறது. கட்டிய மரம். இந்தச் சொல்லை வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி 1697இல் அச்சிட்ட தன் பயண நூலில் எழுதினார். இன்றைக்கு உலகம் இரட்டை உடல் கொண்ட சொகுசுப் படகுக்கு அந்தப் பேரை வைத்திருக்கிறது. நம்ம கட்டுமரத்துக்கு உடலே கிடையாது. உள்ளே தண்ணீர் வராமல் அடைக்கிற வேலையும் இல்லை. தண்ணீர் வரும், போகும். மரம் மிதக்கும்.

லேசான மரத்தைப் பார்த்து வாங்கி, நடுமரம் தாழ்ந்தும் பக்கமரங்கள் உயர்ந்தும் வருகிற மாதிரி செதுக்கி, முன்முனையைத் தூக்கலாக்கி, கயிற்றால் கட்டுவார்கள். ஆணி கிடையாது. உடைகிற அலையைத் தாண்டி மணலில் வந்து மோதுகிற ஒன்றுக்கு ஆணி விறைப்பு ஆகாது, கயிற்றின் நெகிழ்வுதான் வேண்டும். மசூலாப் படகிலும் பலகைகளைக் கயிற்றால் தைத்தது இதே காரணத்துக்குத்தான். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாக மணலில் பரப்பிக் காயவைப்பார்கள். ஊறின மரம் கனக்கும், மிதப்பு குறையும். மறுநாள் விடியுமுன் திரும்பக் கட்டவேண்டும்.

மரவீட்டுப் படங்களுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் எனக்குப் புரிந்தது. அங்கே மரத்தை ஒரு தடவை கட்டினால் முடிந்தது. இங்கே தினமும் கட்டவேண்டும், தினமும் பிரிக்கவேண்டும். அதை யாரும் தனியாகச் செய்ததில்லை. "மரத்த ஏத்தும்போது யாரு வூட்டு மரம்னு பாக்க மாட்டோம். கைய வெச்சிடுவோம். நாளிக்கு நம்ம மரத்துக்கு அவன் கை வோணும்ல" என்றார் பெரியவர். ஊறின மரத்தின் எடை தெரிந்தவர் அவர். படத்தில் ஒருவர் ஒரு முனையைத் தூக்கும்போது அவர் கண் தானாக அடுத்த முனைக்குப் போய்விட்டது.

இந்தக் கட்டுமரம் வடசென்னைக் கரையில் ஏன் போனது என்பதற்கு எல்லோரும் ஃபைபர் படகைக் காரணம் சொல்வார்கள். சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் நிறைய வந்தது உண்மைதான். இன்னொரு காரணம் காலுக்குக் கீழே இருக்கிறது. மதராஸ் துறைமுகத்தின் கட்டுமானம் 1875இல் தொடங்கியது. நம்ம கடற்கரையில் மணல் வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும். கடலுக்குள் நீட்டிய கற்சுவர் அதைத் தடுத்தது. தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்து சேர்ந்து அகலமானது. வடக்கே ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் தாண்டி வரைக்கும் கடல் கரையைத் தின்றது. தெருக்களும் வீடுகளும் போயின. இப்போது அங்கே பல இடங்களில் மணலுக்குப் பதில் கருங்கல் கொட்டியிருக்கிறது. மணல் இல்லாத கரையில் மரத்தை எங்கே பரப்பிக் காயவைப்பது? தெற்கே காற்று வாங்கப் போகிற மணலில் ஒரு பங்கு எங்கள் ஊர் மணல். இந்தக் கணக்கை யாரும் பட்டியல் போட்டுக் காட்டவில்லை.

எண்ணூரும் ஒரு காலத்தில்

ஓய்வு வீடு என்றால் வடசென்னைக்காரர்களுக்கு ஊட்டியோ ஏலகிரியோ ஞாபகம் வரும். ஆனால் 19ஆம் நூற்றாண்டில் மதராஸ் வெள்ளைக்காரர்கள் ஓய்வெடுக்கப் போன இடங்களில் எண்ணூரும் ஒன்று. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் கழிமுகம். பேசில் காக்ரேன் 1806 வாக்கில் வெட்டிய உப்புநீர்க் கால்வாய் மதராஸிலிருந்து எண்ணூர் வரை வந்தது. பின்னால் பக்கிங்ஹாம் கால்வாயானது அதுதான். படகில் ஏறினால் காற்று வாங்கிக்கொண்டே வந்து இறங்கலாம். நீர்க்கரையில் பங்களாக்கள் இருந்தன.

அதே எண்ணூரில் 1970இலிருந்து அனல்மின் நிலையம் ஓடியது. 2017இல் அது மூடப்பட்டது. அதற்குள் வடசென்னை அனல்மின் நிலையம் 1990களில் வந்துவிட்டது, எண்ணூர் துறைமுகம் 2001இல் வந்தது. சாம்பல் கழிமுகத்தில் படிந்தது. 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. அதே மாதம்தான் டி.எம். கிருஷ்ணா பாடிய 'புறம்போக்கு' பாடல் வந்து இந்தக் கழிமுகத்தை ஊருக்குக் காட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து காட்டுக்குப்பம் பக்கத்துப் படகுகளிலும் வலைகளிலும் வீட்டுச் சுவர்களிலும் படிந்தது. அந்த மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் அமோனியா கசிந்து பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டு ஓடினார்கள்.

ஊரைவிட்டுப் போவது என்பதற்கு இவ்வளவு வித்தியாசமான அர்த்தங்கள் இருக்கின்றன. தமிழில் ஒதுங்குவது என்கிறோம். மழைக்கு ஒதுங்குகிறோம், கரையில் மீன் செத்து ஒதுங்குகிறது. ஒருவர் விரும்பி ஒதுங்குகிற இடம் சுத்தமாக இருக்கவேண்டும் என்றால், அவருக்கு வேண்டிய மின்சாரமும் பெட்ரோலும் இரும்பும் உரமும் வேறெங்காவது செய்யப்படவேண்டும். அந்த வேறெங்காவதில்தான் நான் குடியிருக்கிறேன். பனிக்காட்டுக் குடிசையின் கண்ணாடியும் செயின்சாவும் ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்கித்தான் போயிருக்கும். அந்தத் துறைமுகத்துக்கும் பக்கத்தில் ஒரு தெரு இருக்கும், அங்கேயும் லாரி ஹாரன் சத்தத்தில் யாரோ தூங்க முயற்சி செய்துகொண்டிருப்பார்கள்.

இதைச் சொல்லி அந்தப் படங்களைப் பார்க்காதீர்கள் என்று முடிக்க எனக்கு மனசில்லை. பொய்யாகவும் இருக்கும், ஏனென்றால் நான் நேற்றும் பார்த்தேன். ஒதுங்க ஒரு வீடு வேண்டும் என்ற ஆசை பணக்காரர் ஆசை என்று சொல்லிவிட முடியாது. பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் படுக்கிற வீட்டில்தான் அந்த ஆசை அதிகம். தன் கையால் ஒன்றைக் கட்டி, அதன் கீழே சத்தமில்லாமல் உட்காரவேண்டும் என்பதில் என்ன தப்பு? தப்பு, அந்த ஆசையை நமக்கு விற்கும்போது பில்லைக் கிழித்துவிட்டு விற்பதில் இருக்கிறது. மாநகராட்சிப் பூங்காவில் சிமெண்ட்டில் கட்டை மாதிரி வார்த்து, வளையம் கீறி, பழுப்பு பெயிண்ட் அடித்த பெஞ்சு இருக்கும், பார்த்திருப்பீர்கள். பில் கிழித்த படங்கள் அந்த பெஞ்சு மாதிரி. உட்காரலாம். மரம் என்று நம்பவேண்டியதில்லை.

ஆகவே இப்போது கட்டுமானப் படமோ புத்தகமோ எது பார்த்தாலும் மூன்று விஷயம் தேடுகிறேன். நிலம் யாருடையது என்று சொல்கிறதா? மரம் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறதா? மறுமுனையைப் பிடித்தவரைக் காட்டுகிறதா? தோரோ முதல் இரண்டையும் நன்றாகச் சொல்கிறார். மூன்றாவதில் வந்தவர்கள் உண்டென்று சொல்லிவிட்டுத் தள்ளிப்போகிறார். ப்ரோனிக்கி மூன்றாவதில் தேறிவிடுகிறார். என் தூக்க மாத்திரைப் படங்களில் மூன்றுக்கும் பதில் சொன்னது இதுவரை ஒன்றுமில்லை.

போன வாரம் பெரியவருக்கு ப்ரோனிக்கியின் படத்தைப் போட்டுக் காட்டினேன். இங்கிலீஷ் புரியாது, அதனால் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். மரத்தை எப்படிக் காயவைத்தார், ஏன் தன்னால் தூக்கக்கூடிய மரமாகப் பார்த்து வெட்டினார் என்றெல்லாம். கீல் செதுக்கும் இடத்தில் போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அப்புறம் ஒரு காட்சி. அந்த மனிதர் படகைத் தள்ளிக்கொண்டு ஏரிக்குள் தனியாகப் போகிறார். தூரத்தில் சின்னதாகிறார்.

"இந்த போட்டோ மிசின் கரையிலதான இருக்கு?"

"ஆமா பெரியப்பா. ஸ்டாண்டு போட்டு அவரே வெச்சது."

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அத எடுக்கத் திரும்ப வந்திருப்பாரு" என்றார். "பாவம், ரெண்டு தபா துடுப்பு போட்டிருக்காரு."